போதும் என்று சொல்லும் வரை: சம்பளக் கணக்குக்கு ஒரு சுற்று எழுதுவது

சனிக்கிழமை சாயங்காலம், திருப்பூரில் ஒரு சின்ன தையல் யூனிட். சம்பளம் போடுகிறவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த வாரம் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாது. நடுவில் இரண்டு பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பார். அதனால் வேலை நின்றுவிடுவதில்லை. ஆள் வருகிறார், இவர் மணியைப் பார்க்கிறார், கூலியால் பெருக்குகிறார், பணத்தை எண்ணிக் கொடுக்கிறார், "அடுத்து" என்கிறார். கடைசியில் வாசலில் இருந்து "அவ்வளவுதாண்ணே" என்று குரல் வந்ததும் நோட்டை மூடுகிறார்.

நிரல் (புரோகிராம்) எழுதக் கற்கும் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் காட்சியே பயிற்சியாக வரும். ஜாவா, பைத்தான், சி++ எதுவானாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: ஊழியரின் பெயர், வேலை செய்த மணி, மணிக்கூலி மூன்றையும் கேள், சம்பளத்தைக் காட்டு, பெயர் கேட்கும் இடத்தில் 'ஸ்டாப்' என்று வரும்வரை இதையே செய்துகொண்டிரு, தப்பான எண்ணை ஏற்காதே. அதுவரை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணும் சுற்றுகளை (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் 'லூப்') மட்டும் எழுதிவந்தவர்கள் முதல்முறையாகத் தடுக்கி விழுவது இங்கேதான். எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாது. அதை முடிவு செய்வது எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர்.

கீழே நிரலைத் தமிழிலேயே எழுதுகிறேன். இது எந்த மொழியும் இல்லை, யோசிப்பதற்கான வரைவு. 'படி' என்றால் விசைப்பலகையிலிருந்து வாங்கு, 'எழுது' என்றால் திரையில் காட்டு, அம்புக்குறி வலப்பக்கத்து மதிப்பை இடப்பக்கத்து மாறியில், அதாவது மதிப்பை வைக்கும் பெயரிட்ட பெட்டியில், போடும். அப்புறம் உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு ஆளுக்கு

சுற்றை மறந்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் சம்பளம் போடுங்கள்.

    பெயர் ← படி "பெயர்?"
    மணி ← படி "எத்தனை மணி?"
    கூலி ← படி "மணிக்கு எவ்வளவு?"
    சம்பளம் ← மணி × கூலி
    எழுது பெயர், சம்பளம்

செல்வி, 48 மணி, மணிக்கு 70 ரூபாய் என்று கொடுத்தால் 3360 வர வேண்டும். வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வராமல் சுற்றைச் சேர்த்தால் தப்பு கணக்கில் இருக்கிறதா, சுற்றில் இருக்கிறதா என்று தேடி அலைவீர்கள்.

பைத்தானில் எழுதுகிறவர்கள் இங்கேயே ஒரு வேடிக்கையைப் பார்ப்பார்கள். அந்த மொழியில் படித்து வாங்குவது எல்லாமே எண்ணாக இல்லாமல் எழுத்துச்சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்து வரிசையாகத்தான், வரும். மணியை எண்ணாக மாற்றிவிட்டுக் கூலியை மாற்ற மறந்தால், 48 × "70" என்பதற்குப் பிழைச்செய்தி வராது. 70 என்பதை 48 தடவை ஒட்டி 7070707070 என்று திரை முழுக்கச் சம்பளம் நீளும். முதலாளி பார்த்தால் மயங்கி விழுவார்.

'வரை' என்ற சொல்லில் இருக்கும் பொறி

தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'வரை' என்ற ஒரே சொல் நம்மிடம் இரண்டு வேலை பார்க்கிறது. "விடியும் வரை விழித்திருந்தேன்" என்றால் விடிந்ததும் அது முடிந்தது. "உயிர் இருக்கும் வரை மறக்க மாட்டேன்" என்றால் உயிர் இருக்கிற காலமெல்லாம். முதல் வாக்கியத்தில் வரைக்கு முன்னால் நிற்பது முடித்துவைக்கும் நிகழ்ச்சி. இரண்டாவதில் நிற்பது தொடரும் நிலை.

ஜாவா, பைத்தான், சி++ மூன்றிலும் சுற்று எழுத இருக்கும் 'வைல்' (while) இந்த இரண்டாவது வரை மட்டும்தான். பயிற்சிக் கேள்வியோ முதல் வரையில் எழுதப்பட்டிருக்கும்: 'ஸ்டாப்' என்று வரும் வரை. 'ஸ்டாப்' இடத்தில் தமிழில் 'போதும்' என்று வைத்து, அதை அப்படியே இறக்கினால் என்ன ஆகும்?

    பெயர் "போதும்" ஆக இருக்கும் வரை
        ...

ஆரம்பத்தில் பெயர் செல்வி. செல்வி 'போதும்' இல்லை. சுற்று ஒரு தடவைகூட ஓடாது. நிரல் எந்தப் பிழையும் சொல்லாமல் நல்ல பிள்ளையாக முடிந்துவிடும். மாணவர் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதற்கு நான் சொல்லித்தரும் வழி ஒன்றே ஒன்று. நிபந்தனையை எழுதுமுன் வாக்கியத்தை 'இருக்கும் வரை' என்று முடிகிற மாதிரி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'போதும் என்று வரும் வரை' என்பது 'பெயர் போதும் என்று இல்லாமல் இருக்கும் வரை' ஆகிவிடும். காதுக்குக் கொஞ்சம் சுற்றிவளைத்த மாதிரி இருக்கும். பரவாயில்லை, நிபந்தனை சரியாக விழும். எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் வைலுக்கு வைத்த சொல்லே 'வரை'தான். அங்கேயும் கேட்கப்படுவது தொடரும் நிலைதான்.

எந்த வரியில் படிப்பது

நிபந்தனையைச் சரியாக எழுதியவர்களும் அடுத்து விழும் குழி இது. நானும் விழுந்தேன். முதன்முதலில் எழுதிய சம்பள நிரல் இப்படித்தான் இருந்தது:

    பெயர் ← ""
    பெயர் "போதும்" என்று இல்லாமல் இருக்கும் வரை
        பெயர் ← படி "பெயர்?"
        மணி ← படி "எத்தனை மணி?"
        கூலி ← படி "மணிக்கு எவ்வளவு?"
        எழுது பெயர், மணி × கூலி

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஓட்டினேன். நாலு பேருக்குச் சம்பளம் போட்டேன். ஐந்தாவதாக 'போதும்' என்று தட்டினேன். நிரல் நிற்கவில்லை, "எத்தனை மணி?" என்று கேட்டது. போதும் எத்தனை மணி வேலை செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேறு வழியில்லாமல் இரண்டு தடவை 0 போட்டேன். "போதும் 0" என்று சம்பளச் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் நின்றது.

காரணம் எளிது. சுற்று தன் நிபந்தனையைத் தலைவாசலில் மட்டும்தான் பார்க்கும். உள்ளே நடுவழியில் பெயர் மாறினால் அதற்குத் தெரியாது. மீதி வரிகளை முடித்துவிட்டு மறுபடி வாசலுக்கு வரும்போதுதான் கவனிக்கும். ஆகவே பெயரைப் படித்த அடுத்த கணமே நிபந்தனை சோதிக்கப்பட வேண்டும். அப்படியென்றால் படிக்கும் வரி இரண்டு இடத்தில் வர வேண்டும்: சுற்றுக்கு முன்னால் ஒன்று, சுற்றின் கடைசி வரியாக ஒன்று.

    பெயர் ← படி "பெயர்?"
    பெயர் "போதும்" என்று இல்லாமல் இருக்கும் வரை
        மணி ← படி "எத்தனை மணி?"
        கூலி ← படி "மணிக்கு எவ்வளவு?"
        எழுது பெயர், மணி × கூலி
        பெயர் ← படி "பெயர்?"

ஒரே வரியை இரண்டு தடவை எழுதுவது உறுத்தும். உறுத்தட்டும். முதல் படிப்பு, பம்பில் தண்ணீர் ஏற மேலே ஒரு குடம் ஊற்றுகிறோமே, அந்த மாதிரி. கடைசிப் படிப்பு ஒவ்வொரு முறையும் "அடுத்து" என்று கூப்பிடுவது. அந்தக் கடைசி வரியை மறந்தால் பெயர் மாறவே மாறாது. செல்விக்கே வாழ்நாள் முழுக்கச் சம்பளம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பேர் சலித்துக்கொள்வார்கள், ஆனால் சுற்று புரிவதற்கு இதைவிடக் குறுக்குவழி நான் பார்த்ததில்லை. மூன்று பத்தி போடுங்கள்: பெயர், நிபந்தனைக்குப் பதில், திரையில் வந்தது. செல்வி, ஆம், 3360. முருகன், ஆம், அவர் தொகை. போதும், இல்லை, ஒன்றும் வராது. கடைசி வரியில் மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் உங்கள் சுற்று சரி. எதாவது எண் இருந்தால் சீட்டு அடித்துவிட்டீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது: நிபந்தனையே இல்லாமல் என்றென்றும் ஓடும் சுற்றைப் போட்டு, பெயரைப் படித்ததும் அது 'போதும்' என்றால் நடுவிலேயே வெளியேறுவது. பைத்தான்காரர்கள் இதைத்தான் அதிகம் எழுதுவார்கள்; அதில் தப்பில்லை. பைத்தான் 3.8 முதல் நிபந்தனைக்குள்ளேயே படித்து மாறியில் போடும் குறியும் வந்துவிட்டது. ஆனாலும் முதலில் இரண்டு இடத்தில் படிக்கும் வடிவத்தைக் கையால் எழுதிப் பழகுங்கள் என்பேன். வெளியேறும் வரியை எங்கே வைப்பது என்ற கேள்வி அங்கேயும் இதேதான். இதைப் புரிந்தவருக்கு அது தானாக வரும்.

நிறுத்தும் சொல் எது

சுற்றை நிறுத்த நாம் ஒதுக்கிவைக்கும் மதிப்பைக் காவல் மதிப்பு என்று சொல்லலாம். அதற்கு ஒரே தகுதிதான் வேண்டும்: உண்மையான தரவாக அது ஒருநாளும் வரக்கூடாது. கேட்பதற்குச் சுலபம்.

மணி 0 என்றால் நிறுத்து என்று சிலர் வைப்பார்கள். நாலு பேர் பட்டியல் இதோ: செல்வி 48 மணி, முருகன் 52, பாத்திமா 0, ராஜா 40. பாத்திமா வாரம் முழுக்க லீவு. அவர் பெயர் வந்ததும் சுற்று நின்றுவிடும். ராஜா மணிக்கு 90 வீதம் 3600 ரூபாய்க்கு வேலை செய்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. மணி −1 என்றால் நிறுத்து என்று வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை, யாரும் கழித்தல் ஒரு மணி வேலை செய்வதில்லை. ஆனால் படிக்கும் வரி தப்பான இடத்தில் இருந்தால் அந்த −1 மொத்த மணியோடு சேர்ந்துவிடும். தலைக்கணக்கிலும் ஒருவர் கூடிவிடுவார்.

அப்படியானால் பெயர் இடத்தில் 'போதும்' என்ற சொல் பாதுகாப்பானதா? நம் ஊரில் அதுவும் இல்லை. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீடுகளில் போதும்பொண்ணு என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது; அந்தப் பெயரோடு இன்றும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் இடமில்லாமல் பெயரைச் சுருக்கி எழுதினாலோ, 'போதும் என்று தொடங்கினால் நிறுத்து' என்று நீங்கள் புத்திசாலித்தனமாக எழுதினாலோ, அந்த அக்காவுக்கும் அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் சம்பளம் கிடையாது.

இதில் எழுத்துச் சிக்கல் வேறு. 'போ' என்ற எழுத்தை யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஓகார உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாக வைக்கலாம், அல்லது ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால் பைத்தானில் நீளம் கேட்டால் ஒரு 'போதும்' 6 என்றும் இன்னொரு 'போதும்' 7 என்றும் வரும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். நீங்கள் எத்தனை தடவை போதும் போதும் என்று தட்டினாலும் நிரல் கேட்காது. தமிழ் எழுத்தை ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் வசதி ஜாவா, பைத்தான் இரண்டிலும் கையோடு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலச் சொல் வைத்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளியையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஜாவாவில் இரட்டைச் சமக்குறியால் சொற்களை ஒப்பிடாதீர்கள். அது இரண்டும் நினைவகத்தில் இருக்கும் அதே ஒரு பிரதியா என்று பார்க்குமே தவிர ஒரே எழுத்துகளா என்று பார்க்காது. 'ஈக்வல்ஸ்' போட வேண்டும்.

என்னைக் கேட்டால், பெயர் இடத்தில் எதுவும் தட்டாமல் என்டர் மட்டும் அடிப்பதே நல்ல காவல் மதிப்பு. பெயரில்லாத ஊழியர் கிடையாது. பயிற்சிக் கேள்வியில் குறிப்பிட்ட சொல் கொடுத்திருந்தால் மட்டும் அதையே வையுங்கள், இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும்.

ஜாவாக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஸ்கேனரில் (விசைப்பலகையிலிருந்து படிக்க ஜாவா தரும் கருவி) எண்ணைப் படிக்கும் கட்டளை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் அடித்த என்டரை அங்கேயே விட்டுவிடும். அடுத்துப் பெயரைப் படிக்க, ஒரு வரியை முழுசாக வாங்கும் 'நெக்ஸ்ட்லைன்' போட்டால், அது அந்த மிச்ச என்டரை எடுத்து வெற்றுப் பெயராகக் கொடுக்கும். வெற்றுப் பெயர்தான் உங்கள் காவல் மதிப்பு என்றால், முதல் ஆளோடு கடை மூடப்படும். எல்லாவற்றையும் 'நெக்ஸ்ட்லைன்' கொண்டே படித்து, எண் வேண்டிய இடத்தில் மாற்றிக்கொள்வது நிம்மதி.

சுற்றுக்குள் சின்னச் சுற்று

தப்பான எண்ணை ஏற்காதே என்றும் கேள்வியில் இருந்தது. இதற்குப் பலர் 'என்றால்' நிபந்தனை ஒன்று போடுவார்கள்: மணி பூஜ்யத்துக்குக் கீழே என்றால் திட்டிவிட்டு மறுபடி கேள். இரண்டாவது தடவையும் தப்பாகத் தட்டினால்? அது அப்படியே உள்ளே போய்விடும். சரியான பதில் வரும்வரை கேட்க வேண்டும் என்றால் அதுவும் ஒரு சுற்றுதான்.

    மணி ← படி "எத்தனை மணி?"
    மணி 0-க்குக் கீழோ 168-க்கு மேலோ இருக்கும் வரை
        எழுது "0 முதல் 168 வரை கொடுங்கள்"
        மணி ← படி "எத்தனை மணி?"

168 எங்கிருந்து வந்தது? வாரத்தில் 7 நாள், நாளுக்கு 24 மணி. அதற்கு மேல் யாரும் வேலை செய்ய முடியாது. 48 என்று தட்டப் போய் 488 என்று தட்டியவரை இது பிடித்துவிடும். வடிவத்தைக் கவனியுங்கள்: முன்னால் ஒரு படிப்பு, கடைசியில் ஒரு படிப்பு. பெரிய சுற்றில் பார்த்த அதே எலும்புக்கூடு. கூலிக்கும் இதே போல் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

எண் இடத்தில் எழுத்தைத் தட்டினால் மொழிக்கு மொழி கூத்து மாறும். பைத்தான் பிழை எறிந்துவிட்டு நின்றுவிடும். அதைப் பிடித்து மறுபடி கேட்க வைக்க வேண்டும். (சுவாரசியமான விஷயம், ௪௮ என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் பைத்தான் அதை 48 என்று ஒழுங்காகப் புரிந்துகொள்ளும்.) சி++ இல் நிலைமை மோசம். உள்ளீட்டு வழி பிழை நிலைக்குப் போய், அதற்கப்புறம் எதையும் படிக்க மறுத்துவிடும். சுற்றோ ஓடிக்கொண்டே இருக்கும். கேள்விகள் திரையில் அருவி மாதிரிக் கொட்டும். பிழை நிலையை நீக்கி, அந்த வரியின் மிச்சத்தைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த தடவை கேட்க வேண்டும்.

ஓவர்டைமும் மொத்தமும்

அமெரிக்கப் பாடநூல்களில் வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி என்று இருக்கும். அது அங்கே 1938இல் வந்த தொழிலாளர் சட்டத்தின் வழிவந்த கணக்கு. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரம் 48 மணி, அதற்கு மேல் இரட்டைக் கூலி என்று வைத்தது. திருப்பூர் நோட்டில் மணிக்குப் பதில் ஷிப்ட் இருக்கும்: 8 மணி ஒரு ஷிப்ட், 12 மணி ஒன்றரை ஷிப்ட். அந்தக் கணக்கில் இரட்டைக் கூலி எங்கே போனது என்பது வேறு கதை. நிரலைப் பொறுத்தவரை எல்லையையும் மடங்கையும் மேலே பெயரிட்டு வைத்துக்கொண்டால் எந்த ஊர்க் கணக்குக்கும் மாற்றலாம்.

    எல்லை ← 48
    மடங்கு ← 2
    மொத்தம் ← 0
    ஆட்கள் ← 0

இந்த நாலும் சுற்றுக்கு வெளியே, மேலே. உள்ளே, ஒவ்வொருவருக்கும்:

    கூடுதல் ← 0
    மணி > எல்லை என்றால்
        கூடுதல் ← மணி − எல்லை
    சம்பளம் ← (மணி − கூடுதல்) × கூலி + கூடுதல் × கூலி × மடங்கு
    மொத்தம் ← மொத்தம் + சம்பளம்
    ஆட்கள் ← ஆட்கள் + 1

'மொத்தம் ← 0' சுற்றுக்குள் போய்விட்டால் கடைசி ஆளின் சம்பளமே மொத்தமாகக் காட்டும். 'கூடுதல் ← 0' சுற்றுக்கு வெளியே போய்விட்டால் முருகனின் ஓவர்டைம் பாத்திமாவின் தலையில் ஏறும்: 0 மணியில் 4 மணி கழித்து, அதை இரட்டிப்பாகக் கூட்டி, லீவில் இருந்தவருக்கு 4 மணிக் கூலி கொடுக்கும். ஆள் மாறும்போது துடைக்க வேண்டியது உள்ளே, நாள் முழுக்கச் சேர வேண்டியது வெளியே.

ரூபாயில் காசு வந்தால் எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் கணக்குப் போடுங்கள். பைத்தானிடம் 0.1 + 0.2 கேட்டுப் பாருங்கள், ஏன் என்று தெரியும்.

ஓட்டிப் பார்க்க

செல்வி 48 மணி 70 ரூபாய், முருகன் 52 மணி 80, பாத்திமா 0 மணி 75, ராஜா 40 மணி 90. வர வேண்டியது 3360, 4480, 0, 3600; மொத்தம் 11440, நாலு பேர், சராசரி 2860. மொத்தம் 7840 என்று வந்தால் சுற்று பாத்திமாவிடம் நின்றுவிட்டது. பாத்திமாவுக்கு 300 வந்தால் கூடுதலைத் துடைக்கவில்லை. ஆட்கள் 5 என்று வந்தால் காவல் மதிப்புக்கும் சீட்டு அடித்திருக்கிறீர்கள்.

அப்புறம் நிரலை மறுபடி ஓட்டி, முதல் கேள்விக்கே வெறும் என்டர் அடியுங்கள். அந்த வாரம் யாருமே வரவில்லை என்று அர்த்தம். தீபாவளி வாரத்தில் நடக்கிறதுதான். ஆட்கள் 0. சராசரிக்காக மொத்தத்தை ஆட்களால் வகுக்கும் வரியில் நிரல் இப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு 'என்றால்' போட வேண்டியிருக்கும்.